உயர் ரத்த அழுத்தத்திலிருந்து சிறுநீரகத்தைக் காப்பது எப்படி: டிஜிஎஃப்-பீட்டா புரதத்தின் வழியறிந்து செயல்பட ஒரு கையேடு

உயர் ரத்த அழுத்தத்துக்காக மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் சில ஐயங்கள் அடிக்கடி எழுகின்றன. அழுத்தம் கட்டுக்குள் இருப்பதாகச் சொன்ன மருத்துவரே சிறுநீரில் அல்புமின் என்ற ரத்தப் புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையும் செய்யச் சொல்வது ஏன்? புதிய மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியாட்டினின் ரத்தத்தில் சற்று ஏறியிருந்தால் அந்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டுமா? அழுத்தத்தைக் குறைக்கப் பல வகை மருந்துகள் இருக்கும்போது, சிறுநீரகத்துக்கென்று குறிப்பிட்ட ஒரு வகையை வலியுறுத்துவது எதனால்? இவற்றுக்கு விடை தேடிச் சென்றால் டிஜிஎஃப்-பீட்டா 1 என்ற சமிக்ஞைப் புரதத்திடம் வந்து சேர்வோம். உயர்ந்த அழுத்தம் சிறுநீரகத்தின் மேல் சுமத்தும் விசை நிலையான வடுவாக மாறுவதில் இந்தப் புரதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அது செயல்படும் வழியைப் புரிந்துகொண்ட ஒருவர், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதபோது மாத்திரை எதற்கு என்று பாதியில் நிறுத்திவிடமாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகையால் முதலில் அந்த வழியையும், பிறகு வீட்டிலும் மருத்துவமனையிலும் செய்ய வேண்டியவற்றையும் சொல்கிறேன்.

அழுத்தம் வடிகட்டியை எட்டும் விதம்

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள் என்ற நுண்ணிய வடிகட்டும் அலகுகள் இருக்கின்றன. ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் குளோமருலஸ் எனப்படும் தந்துகிகளின் சிறு முடிச்சு வடிகட்டியாக வேலை செய்கிறது. இந்த வடிகட்டிகள் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தைப் பிரித்தெடுக்கின்றன; ஒன்றிரண்டு லிட்டர் தவிர மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. இவ்வளவு மெல்லிய தந்துகிகள் உடலின் முழு அழுத்தத்தையும் தாங்க நேராதபடி, அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்தமனி தேவைக்கேற்பச் சுருங்கியும் விரிந்தும் காவல் காக்கிறது. ஆரோக்கியமான ஒருவருக்குச் சராசரித் தமனி அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 180 மி.மீ. பாதரசம் வரை மாறினாலும் குளோமருலஸுக்குள் இருக்கும் அழுத்தம் பெரிதாக மாறுவதில்லை. உயர் அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது அந்த நுண்தமனியின் சுவர் தடித்து, இந்தத் தற்காப்பு தளர்ந்துவிடுகிறது. சில நெஃப்ரான்கள் ரத்தம் போதாமல் சுருங்குகின்றன. எஞ்சியவை அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்யும் கட்டாயத்தில் கூடுதல் அழுத்தத்துக்கு உள்ளாகின்றன.

அழுத்தமே நேரடியாகக் கேடு செய்கிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று பழைய சோதனை ஒன்றில் இருக்கிறது. 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்கி உயர் ரத்த அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டினார். அதே முறையை எலிகளில் கையாண்ட வில்சன், பைரம் ஆகிய இருவரும் 1939இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு வியப்பூட்டுவது: கவ்வி மாட்டிய சிறுநீரகத்தின் நாளங்கள் பெரும்பாலும் தப்பின, கவ்வியே படாத மறு சிறுநீரகத்தின் நாளங்கள்தான் சிதைந்தன. இரண்டுக்கும் ஒரே ரத்தம்தான் பாய்கிறது, அதிலுள்ள ஹார்மோன்களும் ஒன்றே. ஆனால் கவ்விக்குப் பின்னாலிருந்த சிறுநீரகத்தை உயர்ந்த அழுத்தம் எட்டவில்லை.

இதை மட்டும் வைத்துக்கொண்டு, அழுத்தத்தை எந்த மருந்தால் குறைத்தாலும் ஒன்றுதான் என்று முடிவுகட்டினால் அது பாதி உண்மையாகவே நிற்கும். 1986இல் ஆண்டர்சன், ரென்கே, பிரென்னர் ஆகியோர் சிறுநீரகத் திசுவின் பெரும்பகுதி நீக்கப்பட்ட எலிகளை இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்கு எனலாப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்தும் மற்றதற்கு வேறு மூன்று மருந்துகளின் கலவையும் கொடுத்தார்கள். இரு பிரிவுகளிலும் ரத்த அழுத்தம் ஒரே அளவுக்குக் குறைந்தது. ஆனால் சிறுநீரகம் காப்பாற்றப்பட்டது எனலாப்ரில் பெற்ற எலிகளில்தான். ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் குளோமருலஸிலிருந்து ரத்தம் வெளியேறும் நுண்தமனியை இறுக்கி உள்ளழுத்தத்தை ஏற்றுகிறது. எனலாப்ரில் அந்த ஹார்மோன் உருவாவதைத் தடுப்பதால் வெளிவழி திறந்து உள்ளழுத்தம் தணிகிறது. அந்த ஹார்மோனுக்கு வேறொரு வேலையும் உண்டு என்பது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் தெரியவந்தது.

டிஜிஎஃப்-பீட்டா செய்யும் வேலை

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் அனிதா ராபர்ட்ஸ், மைக்கேல் ஸ்போர்ன் ஆகியோரின் குழு இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது. புற்றுநோயை நோக்கித் தொடங்கிய அந்த ஆராய்ச்சி விரைவிலேயே காயம் ஆறுவதன் பக்கம் திரும்பியது. தோலில் காயம் பட்டதும் ரத்தத் தட்டணுக்கள் டிஜிஎஃப்-பீட்டாவை வெளியிடுகின்றன. அது அருகிலுள்ள செல்களைக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை உற்பத்தி செய்யத் தூண்டிப் புண்ணை மூடவைக்கிறது. தோலுக்கு இது நன்மையே. சிறுநீரகத்தில் காயப்படுத்தும் காரணம் நாள்தோறும் நீடிப்பதால், ஆற்றும் வேலையும் நிற்காமல் நடந்து, வேலை செய்ய வேண்டிய திசுவின் இடத்தை வடுத்திசு பிடித்துக்கொள்கிறது.

இந்தப் புரதம் செல்லிலிருந்து வெளிவரும்போது ஓர் உறைப்புரதத்தால் பூட்டப்பட்ட நிலையில் வந்து, செல்களுக்கு இடையிலுள்ள வலைப்பின்னலில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. இன்டெக்ரின், திராம்போஸ்பாண்டின் போன்ற புரதங்கள் பூட்டைத் திறந்த பின்புதான் அது செயல்படும். திறக்கப்பட்ட டிஜிஎஃப்-பீட்டா செல்லின் மேற்பரப்பில் சமிக்ஞையை வாங்கும் புரதமான ஏற்பிகளில் இரண்டாம் வகையில் பொருந்துகிறது. அந்த ஏற்பி முதல் வகை ஏற்பியை இயக்குகிறது. அது ஸ்மாட்-2, ஸ்மாட்-3 ஆகிய புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அவை ஸ்மாட்-4 உடன் இணைந்து உட்கருவுக்குள் நுழைந்து, கொலாஜனுக்கும் வடுத்திசுவின் இன்னொரு புரதமான ஃபைப்ரோநெக்டினுக்கும் உரிய மரபணுக்களை முடுக்குகின்றன. வடுவைக் கரைக்கக்கூடிய நொதிகளைத் தடுக்கும் புரதங்களும் அதே கட்டளையால் பெருகுவதால், கட்டுவது கூடும்போதே கரைப்பது குறைகிறது. இதற்குக் கடிவாளமாக உடலே ஸ்மாட்-7 என்ற புரதத்தை வைத்திருக்கிறது. எலிகளில் அந்தக் கடிவாளத்தை நீக்கிவிட்டு ஆஞ்சியோடென்சினைச் செலுத்தியபோது சிறுநீரக வடு மேலும் மோசமாயிற்று.

உயர் அழுத்தம் இந்தச் சமிக்ஞையை எங்கெல்லாம் தொடுகிறது என்பதுதான் நமக்கு முக்கியம். குளோமருலஸின் நடுவே தாங்குதூணாக இருக்கும் மெசாஞ்சியல் செல்களை மீண்டும் மீண்டும் இழுத்து விரித்தால் அவை வடுத்திசுவின் புரதங்களை அதிகமாக உற்பத்தி செய்கின்றன. ஆஞ்சியோடென்சின் 2 அதே செல்களைத் தூண்டி டிஜிஎஃப்-பீட்டாவைச் சுரக்கவைக்கிறது என்பதை 1994இல் ககாமி, பார்டர், நோபிள் ஆகியோர் காட்டினார்கள். அந்த ஹார்மோனின் இரண்டாவது வேலை இதுதான். எலிகளின் உணவில் உப்பைக் கூட்டினாலும் சிறுநீரகத்தில் இந்தப் புரதத்தின் உற்பத்தி கூடுகிறது. இறுதியாக, பழுதுபட்ட வடிகட்டியின் வழியே கசியும் அல்புமினை உறிஞ்ச வேண்டிய குழாய்ச் செல்களும் அதன் சுமையால் அழற்சிக் காரணிகளையும் டிஜிஎஃப்-பீட்டாவையும் வெளியிடுகின்றன. சிறுநீரில் அல்புமின் தெரிவது நடந்துவிட்ட கேட்டின் அறிகுறி. அதுவே அடுத்த கேட்டின் காரணமும் ஆகிறது. இந்தக் கையேட்டிலிருந்து ஒரே ஒரு செய்தியைத்தான் ஒருவர் எடுத்துச் செல்ல முடியும் என்றால், அது இதுவாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்படியானால் டிஜிஎஃப்-பீட்டாவையே அடைத்துவிடக் கூடாதா என்ற கேள்வி இயல்பானது. 1990இல் பார்டர், ருவோஸ்லாட்டி ஆகியோரின் குழு, குளோமருலஸ் அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இந்தப் புரதத்துக்கு எதிரான சீரத்தைக் கொடுத்து வடு உருவாவதைத் தணித்தது. உப்பினால் அழுத்தம் ஏறும் டால் வகை எலிகளில் இதற்கு எதிரான ஆன்டிபாடி, அழுத்தத்தையும் சிறுநீரகச் சேதத்தையும் குறைத்ததாக 2002இல் ஆய்வு வந்தது. மனிதர்களிடம் அந்த வெற்றி தொடரவில்லை. நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களிடம் டிஜிஎஃப்-பீட்டா 1 ஆன்டிபாடியை நடப்பு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த மருத்துவ ஆய்வு, பயன் தெரியாததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டு 2017இல் வெளியானது. இந்தப் புரதம் நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கி வைக்கும் வேலையையும் செய்கிறது; அதன் மரபணு நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகள் பல உறுப்புகளில் அழற்சி பரவிச் சில வாரங்களிலேயே இறந்தன. ஆகவே இன்றைய நிலையில் இந்தப் புரதத்தை முற்றாக அடைக்க முயல்வதைவிட, அதை முடுக்கிவிடும் அழுத்தம், ஆஞ்சியோடென்சின், உப்பு, அல்புமின் ஆகிய நான்கையும் குறைப்பதே பாதுகாப்பான வழி. கீழே சொல்லப்படுபவை எல்லாம் அந்த நான்கைச் சார்ந்தவை.

அழுத்தத்தைச் சரியாக அளப்பது

சிறுநீர் கழித்துவிட்டு, காபியோ புகையோ அரை மணி நேரம் தவிர்த்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். மேற்கையில் கட்டும் கருவியே நல்லது. பட்டை கையின் பருமனுக்குப் பொருத்தமாகவும், கை இதயத்தின் மட்டத்திலும் இருக்க வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். ஏழு நாள் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுத்தால் நம்பத்தக்க எண் கிடைக்கும். வீட்டில் இந்தச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். 9,361 பேர் பங்கேற்று 2015இல் வெளியான ஸ்பிரின்ட் ஆய்வில், மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் இதயப் பாதிப்புகளும் இறப்புகளும் குறைந்தன. அதையொட்டி, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் தாங்க முடிந்தால் 120க்குக் கீழே என்று 2021இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. தாங்க முடிந்தால் என்ற நிபந்தனை முக்கியமானது. எழுந்து நிற்கும்போது தலைசுற்றும் முதியவருக்கு இந்த இலக்கு பொருந்தாமல் போகலாம்.

சிறுநீரையும் ரத்தத்தையும் சேர்த்துப் படிப்பது

அழுத்தமானியில் தெரியும் எண், குளோமருலஸுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்குச் சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதமும், ரத்தத்தில் கிரியாட்டினினைக் கொண்டு கணக்கிடப்படும் இஜிஎஃப்ஆர் என்ற வடிகட்டும் திறனும் வேண்டும். உயர் ரத்த அழுத்தம் உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இவ்விரண்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் அல்புமின் இல்லை என்று வந்ததை வைத்து நிறைவடைந்துவிடக் கூடாது; அந்தக் காகிதப் பட்டை தொடக்கநிலைக் கசிவைத் தவறவிடக்கூடும்.

காலையில் எழுந்ததும் கழிக்கும் சிறுநீரைக் கொடுப்பதே சிறந்தது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாளின் கடும் உடற்பயிற்சி ஆகியவை அல்புமினைத் தற்காலிகமாக ஏற்றிக் காட்டும் என்பதால் அப்போது தவிர்க்க வேண்டும். கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது இயல்பு நிலை. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. 300க்கு மேல் கடும் கசிவு. இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். 60க்கு மேலே இருந்தும் அல்புமின் கசிவு மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால் அதற்கும் அதே பெயர்தான். ஒரே ஒரு முடிவை வைத்து அஞ்சவோ மகிழவோ வேண்டாம். மீண்டும் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

டிஜிஎஃப்-பீட்டாவையே ரத்தத்தில் அளந்து பார்க்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். ரத்தம் உறையும்போது தட்டணுக்களே இந்தப் புரதத்தை ஏராளமாக வெளியிடுவதால் அந்த எண் குழப்பத்தையே தரும். சிகிச்சையைத் தீர்மானிக்க அது பயன்படுவதில்லை.

மாத்திரைகளைப் புரிந்து எடுத்துக்கொள்வது

எனலாப்ரில், ராமிப்ரில் என்று ‘பிரில்’ என முடிபவை ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதைத் தடுக்கின்றன. லோசார்டான், டெல்மிசார்டான் என்று ‘சார்டான்’ என முடிபவை அந்த ஹார்மோன் ஏற்பியில் பொருந்துவதைத் தடுக்கின்றன. இரண்டும் குளோமருலஸின் உள்ளழுத்தத்தைக் குறைப்பதோடு, டிஜிஎஃப்-பீட்டாவைத் தூண்டும் கட்டளையையும் தணிக்கின்றன. சிறுநீரில் அல்புமின் கசியும் ஒருவருக்கு மருத்துவர்கள் இவற்றில் ஒன்றை முதலில் தேர்ந்தெடுப்பதும், தாங்கக்கூடிய உயர்ந்த அளவு வரை படிப்படியாக ஏற்றுவதும் இதனால்தான். பிரில் வகையால் வறட்டு இருமல் வந்தால் மருத்துவர் சார்டானுக்கு மாற்றிக் கொடுப்பார்.

உயர் ரத்த அழுத்தத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 1,094 ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் பங்கேற்ற ஆஸ்க் ஆய்வின் முடிவுகள் 2002இல் வந்தன. சிறுநீரகத் திறன் பெருமளவு குறைதல், டயாலிசிஸ் நிலை, இறப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ராமிப்ரில் எடுத்தவர்களுக்கு, வேறு வகை அழுத்த மாத்திரைகளான அம்லோடிபின் எடுத்தவர்களைவிட 38 சதவீதமும், மெட்டோபுரோலால் எடுத்தவர்களைவிட 22 சதவீதமும் ஆபத்து குறைவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் அம்லோடிபினை நிறுத்திவிட வேண்டாம். அழுத்தம் இலக்கை எட்ட ஒன்றுக்கு மேற்பட்ட மாத்திரைகள் தேவைப்படுவது சாதாரணம். பிரிலோ சார்டானோ உடனிருக்கும்போது அம்லோடிபின் நல்ல துணை.

இம்மருந்தைத் தொடங்கியோ அளவைக் கூட்டியோ இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் கிரியாட்டினினையும், இம்மருந்துகளால் ஏறக்கூடிய பொட்டாசியத்தையும் ரத்தத்தில் பார்த்தாக வேண்டும். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவதை மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். வடிகட்டியின் உள்ளழுத்தம் குறைந்துவிட்டதன் விளைவாகவே அது பெரும்பாலும் நிகழ்கிறது. அறிக்கையில் சிவப்பு எழுத்தைக் கண்டதும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் தங்கள் சிறுநீரகத்துக்குக் கிடைத்த பாதுகாப்பையே நிறுத்துகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. கிரியாட்டினின் 30 சதவீதத்தைவிட அதிகமாக ஏறினால் காரணம் தேட வேண்டும். நீரிழப்போ, சிறுநீரகத் தமனியின் சுருக்கமோ இருக்கலாம்.

பிரிலையும் சார்டானையும் சேர்த்து எடுக்கக் கூடாது. 2008இல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வும் அதற்குப் பிந்தைய ஆய்வும் இந்தச் சேர்க்கையால் நன்மையின்றிச் சிறுநீரகத்துக்குத் தீங்கே கூடியதைக் காட்டின. கர்ப்பிணிகளுக்கு இவ்விரு வகையும் கூடாது என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மாத்திரையைச் சில நாள் நிறுத்திவைக்க வேண்டுமா என்பதையும், எப்போது மீண்டும் தொடங்குவது என்பதையும் நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளை மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்கும் பழக்கம் இவர்களுக்கு ஆபத்தானது.

நீரிழிவுக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை நீரிழிவு இல்லாதவர்களின் சிறுநீரக நோயையும் மெதுவாக்குவதை 2020இலும் 2023இலும் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவை குளோமருலஸுக்குள் வரும் வழியைச் சற்றுச் சுருக்கி உள்ளழுத்தத்தைக் குறைக்கின்றன. அல்புமின் கசிவு தொடர்பவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

உப்பு

உப்பைக் குறைக்காமல் பிரிலோ சார்டானோ எடுப்பவர்களுக்கு, அல்புமினைக் குறைக்கும் அம்மருந்தின் ஆற்றல் மங்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதில் சமையலில் சேர்ப்பதும் மறைந்து வருவதும் அடங்கும். நம் வீடுகளில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றில்தான் அந்த மறைவான உப்பு அதிகம். சாப்பாட்டு மேசையிலிருந்து உப்புச் சாடியையும் ஊறுகாய் ஜாடியையும் அகற்றுவதிலிருந்து தொடங்குங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் குளோரைடு இருப்பதால், இம்மாத்திரைகளை எடுப்பவர்களும் சிறுநீரகத் திறன் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது. பொட்டாசியம் நிறைந்த இளநீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

காரணத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டிய தருணங்கள்

சிறுநீரக நோயோடு உயர் அழுத்தமும் இருந்தால், அழுத்தமே காரணம் என்று எழுதிவிடுவது எளிது. பல வேளைகளில் சிறுநீரக நோய்தான் முதலில் வந்து அழுத்தத்தை ஏற்றியிருக்கும். ஆஸ்க் ஆய்வில் பங்கேற்றவர்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, ஏபிஓஎல்-1 என்ற மரபணுவின் குறிப்பிட்ட வடிவங்களைக் கொண்டவர்களிடம் நோய் விரைவாக முற்றியது தெரிந்தது. அழுத்தத்தின் விளைவென்று கருதப்பட்டதில் ஒரு பங்கு மரபணுவிலிருந்து வந்தது. ஆகவே இளம் வயதில் உயர் அழுத்தம் தோன்றியவர்கள், குடும்பத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டவர் இருப்பவர்கள், சிறுநீரில் ரத்த அணுக்கள் காணப்பட்டவர்கள், அழுத்தம் லேசாகவே உயர்ந்திருந்தும் அல்புமின் மிகுதியாகக் கசிபவர்கள் ஆகியோர் வேறு காரணம் உண்டா என்று தேடச் சொல்ல வேண்டும். அதற்கு ஸ்கேனும், தேவைப்பட்டால் சிறுநீரகத் திசுவைச் சிறிது எடுத்துப் பார்க்கும் பயாப்சியும் உதவும். இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே இறங்கியவர்களும், அல்புமின் விகிதம் தொடர்ந்து 300க்கு மேல் இருப்பவர்களும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மாத்திரைகளுக்குப் பிறகும் அழுத்தம் அடங்காதவர்களும் சிறுநீரக மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. செல்லும்போது பழைய கிரியாட்டினின், அல்புமின் அறிக்கைகள் அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்கி, வீட்டில் அளந்த அழுத்தக் குறிப்பேட்டையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். திறன் எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்பதை மருத்துவர் அவற்றிலிருந்துதான் கணிக்க முடியும்.